ஐம்பத்திரண்டு கிலோவில் ஒளிந்திருந்த கொழுப்பு

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். பத்திரிகை நிருபர் வேலைக்காக ஜெலாப்பாங்கில் வாடகை வீட்டுக்கு வந்த மறுநாள் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, சாலையோரத்தில் ஒரு பலகையின் மேல் வைத்திருந்த எடை பார்க்கும் கருவி. அதன் மேல் ஒரு கேஸ் தோங், சமையல் எரிவாயு உருளை, நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கைலியும் பனியனுமாக ஈர்க்குச்சி போன்ற ஒரு மனிதர், கேஸ் கொண்டுவந்தவரிடம் மலாயில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மானா லாகி சத்து கிலோ?"

இன்னொரு கிலோ எங்கே என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேஸ்காரர் லாரியில் ஏறிப் போய்விட்டார். மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"புதுசா வந்தவரு நீங்கதானா? ஏறுங்க."

"எதுல ஏறணும்?"

"தராசுலதான். பேரு என்னான்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

ஏறினேன். எண்பத்தொன்று காட்டியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். "இதுல இருவது கிலோ அடுத்தவன் சொத்து" என்றார்.

பேராக் மாநிலத்தில் அவரைப்போல ஓயாமல் கோபப்பட்ட இன்னொருவர் இருந்திருக்க முடியாது. அந்தக் கோபம் முழுவதும் கிலோ கணக்கில் இருந்தது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. அந்தத் தாமான் குடியிருப்பில் அவர் தராசு. நேரில் தராசு அண்ணே.

அவர் வீட்டுக்குப் போகிறவர் தேநீர் குடிப்பதற்கு முன் எடை கொடுக்க வேண்டும். இது சட்டம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு மந்திரிக்க வந்த ஃபாதரையும் அவர் விடவில்லை.

"போன வருசத்தவிட நாலு கிலோ கூட, ஃபாதர். போசனப்பிரியம் பாவம்னு பிரசங்கம் வச்சது நீங்கதானே?"

"பேய விரட்ட ஜெபம் இருக்கு" என்றார் ஃபாதர், இறங்கிக்கொண்டே. "தராச விரட்டத்தான் ஒண்ணும் இல்ல."

ஒரு தேர்தலின்போது வாக்குக் கேட்டு வந்த வேட்பாளரும் ஏறினார். சிரித்தபடி ஏறினார், உடன் வந்தவர்கள் படம் பிடித்தார்கள். தராசு எண்ணை உரக்கப் படித்துவிட்டு விளக்கம் சொன்னார்: "இப்பவே ஒரு எடை எடுத்து வச்சுக்கறது நல்லது. அஞ்சு வருசம் கழிச்சு வந்தா எவ்வளவு தின்னிருக்காருன்னு தெரிஞ்சிரும்லா." வேட்பாளர் வென்றார். எங்கள் தெருவுக்கு மறுபடி வரவில்லை.

தராசின் சொந்த எடை ஐம்பத்திரண்டு. கல்யாணத்தன்று ஐம்பத்திரண்டு, பேரன் பிறந்த அன்றும் ஐம்பத்திரண்டு. இதை அவர் சான்றிதழ் போல நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிந்தார். கடையில் தேநீர் வந்தால் அடியில் கெட்டிப்பால் தடிப்பாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒரு கரண்டி சீனியும் போட்டுக்கொள்வார். "எனக்கென்ன பயம்? சீனி ஒட்டிக்கிறதுக்கு ஒடம்புல எடமே இல்ல" என்பார்.

அவர் வேலை பார்த்ததும் எடை போடும் இடத்தில்தான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலர். உள்ளே போகும் லாரி எடை மேடையில் ஏறி நிற்கும்; அவர் எண்ணைப் பார்த்துக் கையசைப்பார். லாரி ஓட்டுநர்களின் எடையையும் அவர் கேட்டதாகப் புகார் உண்டு.

அதற்கு முன்னால், பீடோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள், காண்டா என்ற தோள்கம்பில் வாளிகளைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற மிதவைக் குழாயைப் பாலுக்குள் விடுவார். குழாய் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்து, அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தண்ணீர் கலந்தவருக்குச் சம்பளத்தில் வெட்டு விழும். அதற்குப் பயந்து, வரிசையில் நிற்கும்போதே அடுத்தவரின் நல்ல வாளியைத் தன் வாளியோடு மாற்றி வைக்கும் கெட்டிக்காரர்களும் இருந்தார்கள்.

தோட்டம் மூடியபோது எல்லோரும் சட்டி பானை தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். தராசு அந்தக் குழாயையும் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவர் வீட்டு ஷோகேஸில், மாதா சுரூபத்துக்கு ஒரு தட்டு கீழே, துணி விரித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி ஞானம் அக்காவுக்கு முகம் மாறும். அக்கா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், கனமான வாளியோடு வந்து நின்ற அக்காவின் பாலில் இளம் கிராணி குழாயை விட்டார். "தண்ணி" என்றார், எல்லோர் முன்னிலையிலும். கூலி வெட்டப்பட்டது.

"மரத்துல பால் வடியுற மங்குல மழை பேஞ்சிருந்துச்சுன்னு சொன்னேன் தம்பி. மனுசன் கேக்கல" என்பார் அக்கா.

"அன்னிக்கி மழையே இல்ல" என்பார் தராசு.

அந்த வாக்குவாதத்தைத் தொடர்வதற்காக அக்கா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அது முடியாமலே இருவருக்கும் கல்யாணம் ஆனது. கல்யாணத்துக்குப் பிறகும் முடியவில்லை.

தராசின் கோபத்துக்கு நிரந்தர இலக்கு ஒருவர் இருந்தார். ஞானம் அக்காவின் தம்பி. நூற்றுப் பத்து கிலோ. லாரி ஓட்டுநர். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். தராசு அவருக்குக் கேஸ் தோங் என்று பெயர் வைத்தார். தெரு அதைத் தோங் என்று சுருக்கிக்கொண்டது. கல்யாண விருந்துகளில் தோங் இரண்டாம் தடவை கோழிப் பக்கம் போனால், மண்டபத்தின் மறுகோடியிலிருந்து தராசின் குரல் கேட்கும்: "மச்சான், வண்டி ஓவர்லோட்." கடையில் தோங் வாய் திறப்பதற்குள் தராசே சொல்லிவிடுவார்: "இவனுக்குத் தே ஓ கொசோங்." பாலும் இல்லை, சீனியும் இல்லை. தோங் அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, எதிரில் கெட்டிப்பாலைக் கலக்கும் மச்சானின் கரண்டியைப் பார்ப்பார்.

"மச்சான், நான் செத்தா பெட்டி தூக்க எட்டுப் பேரு வேணும். அதுல நீங்க வேணாம். ஒடஞ்சிருவீங்க" என்றார் ஒருநாள்.

"நான் தூக்க மாட்டேன். நிறுப்பேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தராசின் காலில் புண் வந்தது. காவலுக்குக் கொடுத்த புது பூட்ஸ் குதிகாலைக் கடித்திருந்தது. சின்னக் காயம். ஆனால் ஆறவில்லை. பூட்ஸைத் திட்டினார், பூட்ஸ் வாங்கிய மேனேஜரைத் திட்டினார், பூட்ஸ் செய்த நாட்டைத் திட்டினார். புண் அப்படியே இருந்தது. அவர் காலுறையில் மறைத்துக்கொண்டார். காலுறை துவைக்கிறவரிடமிருந்து எத்தனை நாள் மறைக்க முடியும்?

"கிளினிக் போலாம் வாங்க" என்றார் அக்கா.

"பூட்ஸு கடிச்சதுக்கு டாக்டரா?"

அந்த நேரத்தில் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச உடல் பரிசோதனை வைத்தார்கள். கூடவே ஓர் ஆராய்ச்சிக் குழுவும் வந்திருந்தது. உடம்புக் கொழுப்பிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஒல்லியானவர் ஒருவரும் பருத்தவர் ஒருவருமாக ஒரே வீட்டுச் சொந்தங்கள் வந்தால் உதவியாக இருக்கும் என்று ஃபாதர் பூசை முடிவில் அறிவித்தார். தராசு எழுந்து நின்றுவிட்டார். தோங்கின் கொழுப்பை விஞ்ஞானம் முத்திரை குத்திக் கண்டிக்கப் போகிறது. இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? காலைப் பசியோடு இருந்த தோங்கைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் வரிசையில் நிறுத்தினார். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பை நாடாவால் அளந்தார்கள். வயிற்றின் மேல் ஒரு கருவியை உருட்டி ஈரலையும் பார்த்தார்கள்.

முடிவு சொல்லும் நாளன்று அதே மண்டபத்துக்கு, அக்காவோடு நானும் சாட்சிக்கு வர வேண்டும் என்றார். "பேப்பர்ல போடலாம் ரிப்போட்டர்" என்றார். போட வேண்டியது தோங்கின் கொழுப்பை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆயர் தாவாரைச் சேர்ந்த இளம் டாக்டர். முதலில் தோங்கிடம் பேசினார்.

"அங்கிள், ஒங்களுக்கு இனிப்புநீர் வியாதி இல்ல. ரத்த அழுத்தமும் பரவால்ல."

தராசு நாற்காலியில் நிமிர்ந்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்குத்தான் அங்கிள் சீனி ரொம்ப ஏறியிருக்கு. ஈரல்ல கொழுப்பும் படிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"ஒங்களுக்கு."

"நான் அம்பத்திரண்டு கிலோ."

"தெரியும் அங்கிள்."

"அப்போ கொழுப்பு எங்க இருக்கு? எடம் வேணும்லா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கொழுப்பு, மூட்டையில் கட்டி வைத்த அரிசி போலச் சும்மா கிடப்பதில்லை. அதுவும் ஒரு சுரப்பி மாதிரி. ரத்தத்தின் வழியாக உடம்புக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று அடிப்போனெக்டின். சதையும் ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்க அது உதவி செய்கிறது. குடலைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு அது குறைந்துபோகும். "ஒங்க மச்சானுக்குக் கொழுப்பு நெறய. ஆனா பெரும்பாலும் தோலுக்கு அடியில இருக்கு. அடிப்போனெக்டினும் நல்லா இருக்கு. ஒங்களுக்கு இருக்கறது கொஞ்சம்தான். அது இருக்கக்கூடாத எடத்துல போய் ஒக்காந்திருக்கு. கை கால் குச்சியா இருக்கு, தொப்புள் பக்கம் மட்டும் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். பனியனுக்குள் எப்போதும் இருந்த சின்ன மேடு அன்றுதான் கண்ணில் பட்டது. தராசு அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு லெப்டின்" என்றார் டாக்டர். "சேமிப்பு போதும், சாப்பிட்டது போதும்னு மூளைக்குச் சொல்றது. ஒங்க மச்சானுக்கு அது ரொம்ப அதிகம். அது சொல்லிக்கிட்டேதான் இருக்கு, மூளைதான் காது குடுக்க மாட்டேங்குது."

"அது எனக்கு முன்னாலயே தெரியும்" என்றார் தராசு.

தோங் அதைக் காதில் வாங்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் அவருடைய கொழுப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். "டாக்டர், அந்த மொதல் பேர இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஒங்களுக்கும் விடுதலை இல்ல அங்கிள்" என்றார் டாக்டர். "இன்னிக்கி நல்லா இருக்குன்னா நாளைக்கும் இருக்கும்னு அர்த்தம் இல்ல. முட்டி தாங்காது, தூக்கத்துல மூச்சு அடைக்கும். எடை கொறயத்தான் வேணும்." பிறகு தராசிடம்: "இந்த ஹார்மோன் கணக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு எடுத்தது. கிளினிக்ல வழக்கமா பாக்க மாட்டாங்க. ஒங்களுக்கு மாத்திர வேணும்னு சொல்றது ஒங்க சீனி அளவு. குதிகால்ல புண்ணு வேற இருக்குன்னு ஆன்ட்டி சொன்னாங்க. இப்படியே விட்டா கால் போயிரலாம்."

தராசு எழுந்தார். நான் அவருடைய கோபங்கள் பலவற்றைப் பார்த்தவன். இது புது ரகம். விரலை நீட்டினார், டாக்டரை நோக்கி அல்ல, தோங்கை நோக்கி.

"வாளிய மாத்திட்டான்."

யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னால வரிசையில நின்னது இவன். ரத்தக் குழாய மாத்தி வச்சிட்டான். இவங்க குடும்பத்துக்கே இது வழக்கம் டாக்டர். பால் கொட்டாயில இவங்க பெரியப்பா செஞ்சத நான் கண்ணால பாத்திருக்கேன்."

"மச்சான், எனக்குச் சட்டையே மாத்த முடியல, மூச்சு வாங்குது" என்றார் தோங். "ரத்தத்த எப்படி மாத்துறது?"

மறுபடி ரத்தம் எடுத்தால்தான் ஆயிற்று என்று தராசு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர், கிளினிக்கில் சீனி அளவை எப்படியும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லி ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அன்று தராசு, கூட வந்த தோங்கை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஊசி ஏறியதிலிருந்து குழாய் பெட்டிக்குள் போகும்வரை கண் கொட்டவில்லை. ஒட்டுத்தாளில் தன் கையெழுத்தைப் போட வேண்டும் என்று அடம்பிடித்தார். அதில் இடமில்லாததால் கையெழுத்தின் பாதி, ரத்தம் எடுத்த தாதியின் கையுறையில் விழுந்தது. குழாயோடு லேபுக்கும் போகப் பார்த்தார். கதவில் தடுத்துவிட்டார்கள்.

முடிவு வந்தது. சீனி அதேபோல ஏறியிருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே.

இதற்குப் பிறகு எல்லாவற்றின்மேலும் கோபம். ஆராய்ச்சிக் குழுவின்மேல், ஏழைகளின் தொப்புளைப் பார்ப்பதற்கு. ஆண்டவர்மேல், நாற்பது வருடம் மச்சானுக்குப் புத்தி சொன்னவனுக்குக் கொடுத்த கூலி இதுதானா என்று. கெட்டிப்பால் டின்மேல், இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்ததற்கு. ஒரு சனிக்கிழமை காலை அவர் எடைக் கருவியின் மேல் நின்று, குனிந்து, தன் தொப்புளிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"அம்பத்திரண்டு கிலோவுல எங்கடா ஒளிஞ்சிருக்க?"

மாத்திரையை மட்டும் தொடவில்லை. அட்டை அப்படியே மேசையில் கிடந்தது. புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. நடக்கும்போது அந்தக் காலை விரலில் ஊன்றத் தொடங்கினார். அக்கா அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். தோங் தினமும் மாலையில் வந்து, "மச்சான், கிளினிக்குக்கு நான் லாரில ஏத்திட்டுப் போறேன். வாங்கலா" என்று கூப்பிட்டார். ஒரு நாளும் கிண்டல் செய்யவில்லை. தராசுக்கு அதுதான் தாங்கவில்லை.

"திட்டுடா. திருப்பித் திட்டு. நல்லவன் மாதிரி நிக்காத."

ஒரு மழை மாலை. நானும் தோங்கும் அவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தராசு காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். உள்ளே ஷோகேஸ் கண்ணாடி இழுபடும் சத்தம் கேட்டது. ஞானம் அக்கா ஒரு கையில் மெட்ரோலாக்கையும் மறு கையில் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்தக் குழாயை அக்கா தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"ஒரு பதில் சொல்லுங்க. இந்தக் குழாய் பொய் சொல்லுமா?"

"என் குழாயா? ஒரு நாளும் சொல்லாது."

"டாக்டர் குழாய் மட்டும் சொல்லுமா?"

"அது வேற."

"என்னா வேற? அன்னிக்கி என் வாளி எவ்ளோ கனம்னு நீங்க நிறுத்தீங்க. அப்புறம் கனத்த நம்பாம குழாய விட்டீங்க. கனமா இருந்தாலும் உள்ள சரக்கு இல்லேன்னு சொன்னீங்க. இன்னிக்கி அந்தப் புள்ள ஒங்களுக்குக் குழாய விட்டுருக்கு. லேசா இருந்தாலும் உள்ள சரக்கு இருக்குன்னு சொல்லுது. எடைய நம்பு, உள்ள பாக்காதன்னு நீங்க சொன்னா, என் பால்ல தண்ணி இல்ல. என் கூலிய வெட்டுனது தப்பு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அன்னிக்கி எல்லார் முன்னாலதானே சொன்னீங்க?"

தராசு நீட்டியிருந்த காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

"சொல்ல முடியாதுன்னா மாத்திரைய முழுங்குங்க. ரெண்டுல ஒண்ணு."

தோங் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். தோங் வாயை மூடிக்கொண்டார்.

தராசு குழாயைக் கையில் எடுத்தார், உருட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டு கோபங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று, டாக்டர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதற்கு. மற்றது, தன் குழாய் தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு. இரண்டில் எது பெரிது என்று அவர் நிறுத்துப் பார்த்தார். அதற்கு வெகு நேரம் ஆனது. மழை விட்டுவிட்டது.

"அந்தப் பால்ல தண்ணி இருந்துச்சு" என்றார் கடைசியில், மிகுந்த கோபத்தோடு. மாத்திரை அட்டைக்குக் கை நீட்டினார்.

மறுநாள் காலை லாரியின் முன்சீட்டில், தோங்கின் பக்கத்தில், காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளக் கிளினிக்குக்குப் போனார். வழியெல்லாம் தோங்கின் லாரி ஓட்டும் முறையைக் குறை சொன்னதாகக் கேள்வி. புண் ஆற மாதக்கணக்கானது. ஆனால் ஆறியது. கடையில் இப்போது இரண்டு தே ஓ கொசோங் போகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடிக்கிறார்கள். எடைக் கருவி வீட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பதில் தராசு ஒரு தையல் நாடாவை வைத்திருக்கிறார். வருகிறவரின் இடுப்பை அளக்காமல் தேநீர் கிடையாது. ஃபாதர் இப்போது வாசலில் நின்றே மந்திரித்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார்கள்.

நான் அங்கிருந்து குடி மாறிப் பல மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஞானம் அக்கா மட்டும் வெளியே இருந்தார். வெகு நாள் மனதில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கி உண்மையிலயே மழை பெஞ்சுச்சா?"

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மழையாவது ஒண்ணாவது. ஓடையில ரெண்டு மங்கு மொண்டு நாந்தான் ஊத்துனேன். இத அவருகிட்டச் சொன்னா அப்புறம் அந்த மனுசனக் கையில பிடிக்க முடியுமா தம்பி?"

"நான் எழுதலாமா?"

"எழுதுங்கலா. அவரு எங்க பேப்பரு படிக்கிறாரு? கட்டிவச்சுக் கிலோவுக்குப் போட்டுருவாரு."

தராசு அண்ணே தினமும் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மாத்திரை போடுகிறார். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது ஞானம் அக்கா.